ஏஐ ரிப்போர்ட்டை நம்பி நாலு பல்லை எடுக்கலாமா?

கேள்வி: என் பொண்ணுக்கு 12 வயசு, முன்பல்லு தூக்கலா இருக்கு. எக்ஸ்ரேவை ஏஐ சாஃப்ட்வேர்ல போட்டு உடனே ரிப்போர்ட் குடுத்தாங்க, நாலு பல்லை எடுத்துட்டு கிளிப் போடணுமாம். நம்பலாமா டாக்டர்?

பதில்: அம்மா, பக்கவாட்டுல எடுக்கற முக எக்ஸ்ரேவை நாங்க செஃப்னு சொல்லுவோம். அதுல மண்டை எலும்புல செல்லா, நேசியான், மேல்தாடையில ஏ பாயின்ட், கீழ்த்தாடையில பி பாயின்ட்னு அடையாளப் புள்ளி வச்சு கோணம் அளக்கறது பழைய பழக்கம், முன்னாடி ட்ரேசிங் பேப்பர்ல பென்சில் வச்சு உக்காந்து செய்வோம், இப்போ ஏஐ கண்ணு மூடி திறக்கறதுக்குள்ள வச்சிடுது, நல்லாவும் வைக்குது. ஆனா காதுகிட்ட இருக்கற போரியான், தாடை மூலையில இருக்கற கோனியான் மாதிரி இடத்துல ரெண்டு பக்க எலும்பும் ஒண்ணு மேல ஒண்ணு விழுறதால அதுவும் தடுமாறும், நாங்களும் தடுமாறுவோம். ஏ பாயின்ட் முன்னாடியோ பின்னாடியோ 2 மில்லிமீட்டர் தள்ளிப்போனா, மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் முன்பின் வித்தியாசத்தைக் காட்டற ஏஎன்பி கோணம் கிட்டத்தட்ட 2 டிகிரி மாறிடும், அந்தக் கோணத்துக்கு நார்மலே 2 டிகிரிதான், அப்போ ரிப்போர்ட்டே மாறிடுமே!

இன்னொண்ணு, எந்த நார்மலோட ஒப்பிட்டாங்க? நிறைய சாஃப்ட்வேர்ல வெள்ளைக்காரங்க முகத்தை வச்சு எடுத்த அளவுதான் முதல்ல நிக்கும். நம்ம முகத்துல உதடு கொஞ்சம் முன்னாடி இருக்கறது சகஜம், அதைப் போய் சிவப்புல காட்டும், பாத்தா பயமாத்தான் இருக்கும்.

பல்லை எடுக்கணுமாங்கறது அந்த நம்பரை மட்டும் வச்சு முடிவு பண்ற விஷயமே இல்ல. வாயை சும்மா வச்சிருந்தா உதடு சேருதா, சிரிச்சா ஈறு எவ்வளவு தெரியுது, பல்லு நிக்க இடம் இருக்கா, இல்ல மேல் பல்லு சரியாத்தான் இருந்து கீழ்த்தாடை பின்னாடி போயிருக்கா, இதெல்லாம் குழந்தையை உக்கார வச்சுப் பாக்கணும். கீழ்த்தாடை பின்னாடின்னா, வளர்ச்சி பாக்கி இருக்கறப்பவே கீழ்த்தாடையை முன்னாடி கொண்டுவர கழட்டி மாட்டற அப்ளையன்ஸ் போட்டு பாக்க வாய்ப்பு இருக்கு. வளர்ச்சி எவ்வளவு மிச்சம்னு அதே எக்ஸ்ரேல கழுத்து எலும்போட வடிவத்துலயே ஓரளவு தெரியும், பொண்ணு வயசுக்கு வந்தாச்சாங்கறதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

பல்லை எடுக்கறதே தப்புன்னு சொல்லல, சில பேருக்கு அதான் சரி. ஆனா எடுத்த பல்லை திரும்ப வைக்க முடியாது, அவசரம் வேண்டாம். புள்ளி வச்ச ஸ்க்ரீனைக் காட்டச் சொல்லி, யார் செக் பண்ணி திருத்துனாங்கன்னு கேளுங்க, பல் சீரமைப்புல (ஆர்த்தோடான்டிக்ஸ்) எம்டிஎஸ் மேல்படிப்பு படிச்சவங்க குழந்தையோட வாயைப் பாத்தாங்களான்னும் கேளுங்க. வேற ஒருத்தர்கிட்ட போறதா இருந்தா பிடிஎஃப் ரிப்போர்ட் பத்தாது, ஒரிஜினல் எக்ஸ்ரே ஃபைலை கேட்டு வாங்கிட்டுப் போங்க, மறுபடி எடுக்கற வேலை மிச்சம்.