சுருக்க ஊசியை நிறுத்தினால் முகம் தொங்கிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 45. ஒன்பது ஆண்டுகளாக நெற்றி, புருவ நடு, கண் ஓரம் ஆகிய இடங்களில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை போடாக்ஸ் ஊசி போட்டுவந்தேன். செலவு கட்டுப்படியாகாமல் ஆறு மாதங்களாக நிறுத்திவிட்டேன். இப்போது சுருக்கங்கள் முன்பைவிட அதிகமாகத் தெரிகின்றன; ஒரு புருவம் மற்றதைவிட மேலே ஏறுகிறது; தலைவலியும் அடிக்கடி வருகிறது. ‘நிறுத்தினால் முகம் தொங்கிவிடும், வாழ்நாள் முழுக்கப் போட்டுத்தான் ஆக வேண்டும்’ என்கிறார் உறவினர் ஒருவர். மீண்டும் போட்டுக்கொள்ளட்டுமா?

மருத்துவர் பதில்: உங்கள் உறவினர் சொன்னது சரியல்ல. இந்த ஊசியை நிறுத்துவதால் முகம் தொங்குவதும் இல்லை, பழைய நிலையைவிட மோசமாவதும் இல்லை. ஆனாலும் நீங்கள் கண்ணாடியில் காணும் மாற்றம் கற்பனையன்று. அதற்கான காரணங்களைத் தெரிந்துகொண்டால் அச்சம் பெரிதும் விலகும்.

நரம்பின் கட்டளை, அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வழியாகத்தான் தசையைச் சென்றடைகிறது. ஊசியில் உள்ள பொட்டுலினம் நச்சு நரம்பு முனைக்குள் நுழைந்து, அந்த வேதிப்பொருள் வெளியேறுவதற்குத் தேவையான ‘ஸ்னாப்-25’ என்னும் புரதத்தைத் துண்டித்துவிடுகிறது. நரம்பு அழிவதில்லை, பேச முடியாமல் போகிறது, அவ்வளவே. சில வாரங்களில் அது பக்கவாட்டில் சிறு கிளைகளை விட்டுத் தசையோடு புதிதாகத் தொடர்பு ஏற்படுத்த முயல்கிறது. நாளடைவில் பழைய முனையே மீண்டும் வேலைசெய்யத் தொடங்கியதும் அந்தக் கிளைகள் பின்வாங்கிவிடுகின்றன. மூன்று, நான்கு மாதங்களில் ஊசியின் பலன் தேய்வது இதனால்தான். உடல் இந்த மருந்துக்குப் பழகிப்போய், கிடைக்காதபோது தவிப்பது என்பது இதில் கிடையாது.

அப்படியானால் சுருக்கம் ஏன் கூடியதுபோல் தெரிகிறது? நீங்கள் ‘முன்பு’ என்று நினைவில் வைத்திருப்பது, ஊசி போடத் தொடங்குவதற்கு முந்தைய முகத்தை அல்ல. ஒன்பது ஆண்டுகளாக அசையாமல் இருந்த முகத்தை. தொடங்கியபோது உங்களுக்கு வயது 36. ஊசியே போடாமல் இருந்திருந்தாலும் இந்த ஒன்பது ஆண்டுகளில் தோலை உறுதியாக வைத்திருக்கும் ‘கொலாஜன்’ என்னும் புரதம் குறைந்திருக்கும், வெயிலும் தன் பங்கைச் செய்திருக்கும். ஊசி தசையின் அசைவை நிறுத்துமே தவிர, தோலின் வயதை நிறுத்தாது. ஆகவே நேற்றைய கண்ணாடியோடு ஒப்பிடாமல், 36 வயதுக்கு முன் எடுத்த படம் ஒன்றைத் தேடியெடுத்து, அதே போன்ற வெளிச்சத்தில் இன்றைய முகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் செய்யுங்கள். சன்னலோரம் கண்ணாடி முன் அமர்ந்து, முகத்தைத் தளர்வாக வைத்துக்கொண்டு முதலில் பாருங்கள். பிறகு புருவத்தை உயர்த்திப் பாருங்கள். உயர்த்தும்போது மட்டும் தோன்றி, விட்டதும் மறைபவை தசை அசைவால் வருபவை. அசையாதபோதும் நிற்கும் கோடுகளே தோலில் பதிந்தவை. நீண்ட காலம் ஊசி போட்டவர்களுக்கு இரண்டாம் வகைக் கோடுகள் குறைவாகவே இருக்க வாய்ப்புண்டு. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே உருவ இரட்டையரில் ஒருவர் 13 ஆண்டுகள் தொடர்ந்து ஊசி போட்டிருந்தார். மற்றவர் அதே காலத்தில் இரண்டே முறை. முதலாமவரின் நெற்றியில் பதிந்த கோடுகள் காணப்படவில்லை. கடைசி ஊசிக்கு ஏழு மாதங்கள் கழித்தும் அவருடைய கண் ஓரச் சுருக்கங்கள் மற்றவருடையதைவிடக் குறைவாகவே தெரிந்தன. ஒரே இணையரை வைத்துப் பொதுவிதி வகுக்க முடியாதுதான். எனினும் நீங்கள் செலவிட்ட ஆண்டுகள் வீணாகிவிட்டன என்றோ, அவையே இன்று கேடாக வந்து நிற்கின்றன என்றோ எண்ண வேண்டாம்.

புருவ ஏற்றத்தாழ்வுக்கு வருகிறேன். மாவுக்கட்டு பிரித்த காலின் தசை மெலிந்திருப்பதைப் போல, பல ஆண்டுகள் ஓய்விலிருந்த நெற்றித் தசையும் சற்று மெலிந்திருக்கும். அது மீளும்போது இருபுறமும் ஒரே வேகத்தில் மீள்வதில்லை. ஒரு பக்கம் முந்திக்கொள்ளும். நரம்பு சில மாதங்களில் தேறினாலும், தசை பழைய பருமனை அடைய அதைவிடக் கூடுதல் காலம் ஆகலாம் என்பதால், ஓராண்டு முடியும்வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள். பழைய படங்களிலேயே அந்தப் புருவம் சற்று உயர்ந்திருப்பதையும் நீங்கள் காணக்கூடும். ஆனால் இமையே கீழே இறங்குவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, விழுங்கச் சிரமம், மாலையில் கூடும் தளர்ச்சி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், ஆறு மாதத்துக்கு முந்தைய ஊசியின் மேல் பழியைப் போட்டுக் காத்திருக்காமல், உடனே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். திடீரென வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

தலைவலியை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு இதே மருந்தை அமெரிக்காவில் 2010 முதல் அனுமதித்திருக்கிறார்கள். தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில் மொத்தம் 155 யூனிட் போடும் அந்த முறையில், நெற்றியும் புருவ நடுவும் அடங்கும். ஆகவே உங்களுக்கு முன்பே இருந்த ஒற்றைத் தலைவலியை அழகுக்காகப் போட்ட ஊசி ஓரளவு அடக்கிவைத்திருந்து, இப்போது அது வெளிப்பட்டிருக்கலாம். உங்கள் வயதில் வெள்ளெழுத்தும் தொடங்கியிருக்கும். கண்ணாடி அணியாமல் கைபேசியைப் படிப்பவர்கள் புருவத்தை நெரித்துக்கொண்டே இருப்பார்கள். தலைவலியும் வரும், பொட்டு வைக்கும் இடத்தில் இரு கோடுகளும் ஆழமாகும். முதலில் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். வலி தொடர்ந்தால், தலைவலி வந்த நாள்களைக் குறித்துவைத்த ஒரு மாதக் குறிப்பேட்டுடன் மருத்துவரிடம் செல்லுங்கள்.

தோலுக்கு எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைத் தினமும் காலையில் தடவுங்கள். இரவில் ட்ரெட்டினாயின் களிம்பு நல்ல பலன் தரும். பலன் தெரிய மாதங்கள் ஆகும், தொடக்கத்தில் எரிச்சலும் இருக்கும், கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் கூடாது. தோல் மருத்துவர் பரிந்துரைக்கும் அளவில் மட்டும் பயன்படுத்துங்கள்.

மீண்டும் ஊசி தேவையா என்பது மருத்துவக் கட்டாயம் அல்ல, முழுக்க உங்கள் விருப்பம். போட வேண்டுமென்று தோன்றினால், மூன்று இடங்களிலும் போடாமல், புருவ நடுவுக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். அதற்கு வழக்கமான அளவு 20 யூனிட்தான், செலவும் குறையும். விலை மலிவு என்று அழகு நிலையங்களில் போட்டுக்கொள்வதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தகுதி பெற்ற மருத்துவரிடம் சென்று, உங்கள் கண் முன்னே புதிய குப்பியைத் திறக்கச் சொல்லி, அதன் தொகுதி (பேட்ச்) எண்ணையும் செலுத்திய யூனிட் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.