சுகோயை அடகு வைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 31. சுங்கை சிப்புட்டில் பெற்றோருடன் இருக்கிறேன். அப்பா தோட்டத்தில் பால் வெட்டியவர். நான் தொழிற்சாலையில் டெக்னீஷியன், கைக்கு மாதம் 3,000 வெள்ளி (ரிங்கிட்) வரும். 72-இல் ஒரு பங்கு அளவுள்ள டைகாஸ்ட் (உலோக வார்ப்பு) போர் விமான மாதிரிகள் சேர்க்கிறேன். 38 இருக்கின்றன, இதுவரை 16,000 வெள்ளி போயிருக்கும். போன வருடம் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாம் கணக்கிலிருந்து 2,800 வெள்ளி எடுத்து ஐந்து வாங்கினேன். இப்போது மலேசிய விமானப்படை நிறத்தில் ஒரு சுகோய் (ரஷ்யப் போர் விமானம்) வருகிறது, விலை 560 வெள்ளி. நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து மாதம் 700 வெள்ளி கூட்டு (சீட்டு) போட்டு ஆளுக்கு ஆறு வாங்கி, ஐந்து வருடம் கழித்து இரண்டு மடங்குக்கு விற்கலாம் என்று பேசியிருக்கிறோம். வங்கியில் 1,100 வெள்ளி வைத்திருக்கிறேன். "தங்கமாக வாங்கியிருந்தால் தங்கச்சி கல்யாணத்துக்காவது ஆகும்" என்கிறார் அம்மா. இது முதலீடு இல்லையா?

பதில்: தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லங்காவியில் லீமா விமானக் கண்காட்சியைப் பார்த்தவன் நான். சுகோய் தலைக்கு மேலே செங்குத்தாக ஏறும்போது நெஞ்சுக்கூடு அதிரும். அதை ஒரு அடி நீளத்தில் கூடத்து அலமாரியில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. "பொம்மைக்கா இவ்வளவு காசு?" என்று கேட்கும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். ஆனால் நீங்கள் கேட்டது ஆசையைப் பற்றி இல்லை, முதலீட்டைப் பற்றி. அதனால் கணக்குப் போட்டுத்தான் ஆகவேண்டும்.

நல்லபடியாக விலை ஏறிய ஒரு விமானத்தையே எடுத்துக்கொள்வோம். 2022 தொடக்கத்தில் 480 வெள்ளிக்கு வாங்கி, 2024 முடிவில் 650-க்கு விற்றீர்கள் என்று வையுங்கள். 170 வெள்ளி லாபம் என்று தோன்றும். இணையச் சந்தையின் கமிஷன் நூற்றுக்குப் பத்து என்றால் அதில் 65 போகும். மூக்கில் ஊசிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோட் குழாய் (வேகம் அளக்கும் குழாய்) உடையாமல் சுற்றி அனுப்ப, தபாலோடு சேர்த்து 20 வெள்ளி. கையில் நிற்பது 565. அதே 480 வெள்ளி அந்த மூன்று வருடமும் இபிஎஃப்பில் கிடந்திருந்தால்? இலாப ஈவு 2022-இல் 5.35, 2023-இல் 5.50, 2024-இல் 6.30 விழுக்காடு. மொத்தம் 567 வெள்ளி ஆகியிருக்கும். ஜெயித்த விமானமே இரண்டு வெள்ளி பின்னால் நிற்கிறது. உங்கள் 38-இல் எத்தனை ஜெயித்தவை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

விலை ஏன் எல்லாவற்றுக்கும் ஏறுவதில்லை? மாதிரியை வார்க்கும் அச்சு, தயாரிப்பாளரின் கையிலேயே இருக்கிறது. வால் எண்ணை மாற்றி, வேறு பெயின்ட் அடித்து அடுத்த வருடம் மறுபடியும் விடலாம். அன்றைக்கே பழைய பதிப்பின் விலை இறங்கும். நம் சுகோய்க்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 2003-இல் ஒப்பந்தம் போட்டு நம் விமானப்படை வாங்கியது மொத்தம் 18 சுகோய். அமெரிக்க எஃப்-14-க்கு உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. கோங் கெடாக் விமானத்தளத்தில் நிற்கும் நம் சுகோயைத் தேடி வருகிறவர் பெரும்பாலும் இன்னொரு மலேசியர்தான். நீங்கள் ஐந்து பேர் ஆளுக்கு ஆறு வாங்கினால் 30 பெட்டி. ஐந்து வருடம் கழித்து அத்தனையும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வரும். உங்களுக்குப் போட்டி வெளியில் யாரும் இல்லை, இன்று உங்களோடு தேநீர் குடிக்கும் அந்த நான்கு பேர்தான்.

அடுத்து கூட்டு. நம் ஆட்கள் காலங்காலமாகப் பிடிக்கிறார்கள், தெரியும். ஆனால் கூட்டு நடத்துவது இந்த நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் சொல்தான் இருக்கிறது, இதில் பெருமைப்பட என்ன இருக்கிறதோ! முதல் மாதம் எடுத்தவர் மூன்றாம் மாதம் கட்டாமல் போனால் நீங்கள் யாரிடம் போய் முறையிடுவீர்கள்? சேர்ந்து சேமிப்பது வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், 1960-இல், உங்கள் ஊர்க்காரரான துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அது பதிவு பெற்ற சங்கம், கணக்கு இருந்தது. உங்கள் தாத்தாவுக்கு அதில் பங்கு இருந்ததா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது அந்த 2,800 வெள்ளிதான். 2024 மே மாதம் முதல் சந்தாவில் நூற்றுக்குப் பத்து மூன்றாம் கணக்குக்குப் போகிறது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று வைத்தது ஆத்திர அவசரத்துக்கு. வருடம் 5.5 விழுக்காடு கிடைத்தால், உங்கள் 55-ஆவது வயதில் அது பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டியிருக்கும். அப்படிப் பார்த்தால், அந்த ஐந்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் 2,000 வெள்ளிக்கு மேல் கொடுத்திருக்கிறீர்கள்.

அம்மா சொல்வது பாதி சரி. கல்யாண நகையிலும் செய்கூலி போகும், விற்கும்போது அது திரும்பி வராது. ஆனால் அப்பாவுக்கு இன்று மதியம் உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒரு வளையலை அடகுக்கடையில் வைத்து அரைமணி நேரத்தில் காசோடு வரலாம். சுகோயை எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர் பேரனுக்கா என்று கேட்பார்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கூட்டிலிருந்து விலகுங்கள். உங்கள் வீட்டுச் செலவு மூன்று மாதத்துக்கு எவ்வளவோ அவ்வளவு வங்கியில் சேரும்வரை புதிதாக எதுவும் வேண்டாம், அந்த ஒரு சுகோயைத் தவிர. அதை ஒன்றே ஒன்று, ரொக்கத்துக்கு வாங்கி, பெட்டியைத் திறந்து, கண்ணாடி அலமாரியில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள், நம் ஊர் ஈரம் லேசுப்பட்டதில்லை. மற்றவற்றின் பெட்டிகளைத் தகரக் கூரைக்குக் கீழே பரணில் அடுக்காதீர்கள். சூட்டில் பெட்டிக்குள் இருக்கும் பஞ்சு இளகிப் பெயின்டில் ஒட்டிக்கொண்டால், வாங்க வருகிறவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

இன்னொன்று. மூன்றாம் கணக்குக் காசில் வாங்கிய ஐந்தில், மனசுக்கு அவ்வளவாக ஒட்டாத ஒன்றை இந்த வாரமே விற்பனைக்குப் போடுங்கள். மற்றவர்கள் கேட்கும் விலைக்கு இல்லை, உண்மையில் விற்றுப்போன விலையைப் பார்த்துப் போடுங்கள். எத்தனை நாளில் போனது, எல்லாம் கழித்துக் கையில் எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.