ஏ பிளஸ் தேர்வுக்கு வீட்டிலிருந்தே படிக்க எந்த கோர்ஸ் வாங்கலாம்?

பி.சி.ஏ. முடித்துவிட்டேன், சென்னையில் டெஸ்க்டாப் சப்போர்ட் வேலை தேடுகிறேன், இன்ஸ்டிட்யூட்டில் கட்டப் பணமில்லை, காம்ப்டியா ஏ பிளஸுக்கு என் வசதிப்படி படிக்க நல்ல ஆன்லைன் கோர்ஸ் எது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கிண்டியில் ஒரு கம்பெனியின் ஐ.டி. சப்போர்ட் பிரிவில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களை இன்டர்வியூ எடுக்கும் வேலையும் அவ்வப்போது என் தலையில் விழும். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கோர்ஸைத் தேடும் முன், இந்தத் தேர்வை நடத்தும் காம்ப்டியா அமைப்பின் தளத்திலிருந்து தேர்வின் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது இலவசம். ஏ பிளஸ் என்பது கணினி சப்போர்ட் வேலைக்கான தொடக்கநிலைச் சான்றிதழ். அதற்கு இரண்டு தேர்வு: கோர் 1, கோர் 2. இப்போதைய எண்கள் 220-1201, 220-1202. 2025 மார்ச்சில் வந்தவை. முந்தைய 1101, 1102 அதே ஆண்டு செப்டம்பரோடு முடிந்துபோயின. அதனால் ‘இன்று மட்டும் தள்ளுபடி’ என்று ஒரு கோர்ஸ் கண்ணில் பட்டால் விலையைப் பார்க்கும் முன் எண்ணைப் பாருங்கள். ‘வாழ்நாள் முழுக்கப் பார்க்கலாம்’ என்ற ஆசைவார்த்தைக்கும் காசு கொடுக்க வேண்டாம். 2019, 2022, 2025 என்று மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பாடத்திட்டமே மாறிக்கொண்டிருக்கிறது. வாழ்நாள் முழுக்க எதைப் பார்ப்பது?

அப்புறம் சொல்லித்தருகிறவரைச் சோதியுங்கள். ஒரு கணினியின் ஐ.பி. முகவரி 169.254 என்று ஆரம்பித்தால், நெட்வொர்க்கில் முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை, விண்டோஸ் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். இப்படி வரும் முகவரிக்கு என்ன பெயர் என்பதை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்கு ஓடுகிறவர் வேண்டாம். கேபிளைப் பார், பக்கத்து சிஸ்டத்துக்கு ஐ.பி. வருகிறதா பார், இருக்கும் ஐ.பி.யை விட்டுப் புதிதாகக் கேட்கும் ரிலீஸ், ரின்யூ கட்டளைகளைக் கொடுத்துப் பார் என்று வரிசையாகப் போகிறவரிடம் படியுங்கள். கோர் 1 தேர்வில் பழுது கண்டுபிடிக்கும் பகுதிக்குத்தான் அதிக எடை, 28 சதவீதம். இன்டர்வியூவில் நாங்கள் கேட்பதும் அதைத்தான். ‘சிஸ்டம் ஆன் ஆகிறது, டிஸ்ப்ளே வரவில்லை, முதலில் என்ன பார்ப்பீர்கள்?’ என்றதும் பலர் நேராக மதர்போர்டை மாற்றப் போய்விடுவார்கள். மானிட்டர் கேபிளைச் சொல்கிறவரைப் பார்த்தால் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்றால், யூடியூபில் புரொஃபசர் மெஸ்ஸரின் ஏ பிளஸ் வீடியோக்கள் முழுவதும் இலவசம். பாடத்திட்டத்தின் வரிசையிலேயே போகும், சின்னச் சின்ன வீடியோக்கள். அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, காசை மாதிரித் தேர்வுகளுக்கு மட்டும் செலவழிக்கலாம். அவற்றிலும் சரியான விடை எது என்பதோடு, மற்ற மூன்றும் ஏன் தவறு என்று விளக்குபவையாகப் பார்த்து வாங்குங்கள். தமிழ் வீடியோக்களைப் புரிந்துகொள்வதற்காகத் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் தேர்வு தமிழில் கிடையாது, 90 நிமிடத்தில் 90 கேள்வி வரை வரும். ஆங்கிலக் கேள்வியை வேகமாகப் படித்துப் பழகாவிட்டால் விஷயம் தெரிந்தும் நேரம் போதாது.

செய்து காட்டச் சொல்லும் கேள்விகளும் உண்டு. வீடியோ பார்த்தே இதற்குத் தயாராக முடியாது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்குங்கள். அழகாக இருக்க வேண்டாம், திறந்து மூட வந்தால் போதும். ராம், ஹார்ட் டிஸ்க், மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். எல்லாவற்றையும் கழற்றி மாட்டுங்கள். ஓ.எஸ். போட்டு, கெடுத்து, திரும்பப் போடுங்கள். பழைய மெஷினில் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப் இருக்காது, விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதை ஓரளவு நல்ல லேப்டாப்பில் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டுப் பழகலாம். இந்தக் கைப்பழக்கம் இல்லாமல் கோர்ஸ் மட்டும் வாங்கி வைத்திருப்பவர்கள் இரண்டாம் வாரத்தில் நின்றுவிடுவதைத்தான் நான் பார்க்கிறேன்.

தேர்வுக் கட்டணத்துக்கான கூப்பனான வவுச்சரோடு சேர்த்து விற்கும் பேக்கேஜ்களில் கவனம் தேவை. இரண்டு தேர்வுக்கும் தனித்தனி வவுச்சர் வேண்டும், ஒன்றைக் காட்டி விலை சொல்லிவிடுவார்கள். அது இந்தியாவில் செல்லுமா, எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுத்தில் கேளுங்கள். டம்ப்ஸ், அதாவது தேர்வில் வந்த கேள்விகளையே திருட்டுத்தனமாகத் தருகிறோம், பாஸ் கேரண்டி என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கண்டுபிடித்தால் காம்ப்டியா சான்றிதழை ரத்து செய்யலாம். அது தப்பினாலும் எங்கள் முன்னால் உட்காரும்போது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம்தான். ஆனால் தேர்வு முடியும்வரை அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது, வெப்கேம் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரே ஹாலில் டி.வி.யும் குக்கர் விசிலும் இருக்கிற நம் வீடுகளில் இது நடக்கிற காரியமா? சென்னையிலேயே பியர்சன் வியூ தேர்வு மையங்கள் இருக்கின்றன, அங்கே போய் எழுதிவிடுங்கள். தேர்ச்சிக்கு கோர் 1-ல் 900-க்கு 675, கோர் 2-ல் 700. இரண்டையும் ஒரே எண் வரிசையில், அதாவது 1201-ஓடு 1202 என்று, எழுத வேண்டும்.

டெஸ்க்டாப் சப்போர்ட் வேண்டாம், நெட்வொர்க்கிங்தான் என்று முடிவாக இருந்தால் ஏ பிளஸை விட்டுவிட்டு நேராக சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சி.சி.என்.ஏ. படிக்கலாம். முன்தகுதி எதுவும் கேட்பதில்லை, பழகிப் பார்க்க சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருள் இலவசம். நம் ஊர் வேலை விளம்பரங்களில் ஏ பிளஸைவிட அந்தப் பெயரைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.