விக்கிப்பீடியாவில் எது நிற்கும், எது நிற்காது?
வாசகர் கேள்வி – பதில்

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிப் பார்த்து, எழுதியது நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ மனம் நொந்தவர்களின் கடிதங்கள் இந்த இதழுக்கு. எல்லாமே காவிரிப் படுகையிலிருந்து வந்தவை.

கேள்வி: எங்கள் ஊர் சிவன் கோயில் சோழர் காலத்தது. கல்வெட்டு இருக்கிறது. தல வரலாறு, பூசை நேரம், திருவிழா என்று நான்கு பக்கம் எழுதினேன். ‘குறிப்பிடத்தக்கமை இல்லை’ என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். ஆயிரம் ஆண்டுக் கோயில் குறிப்பிடத்தக்கது இல்லையா?
(வாசகர், திருவையாறு வட்டாரம்)

பதில்: கோயில் பழையதில்லை என்றோ பெருமை குறைந்தது என்றோ நீக்கியவர் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு விக்கிப்பீடியாவில் பொருள் வேறு. கோயிலோடு தொடர்பில்லாத ஒருவர், நம்பத்தகுந்த ஓரிடத்தில், அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறாரா என்பதுதான் கேள்வி. வயது அதற்கு விடையாகாது. டெல்டாவில் நடக்கிற தூரத்துக்கு ஒரு பழைய கோயில் இருக்கிறது. தேவாரப் பாடல் பெற்றவை என்று மட்டும் எடுத்தாலே காவிரித் தென்கரையில் 127, வடகரையில் 63. பாடல் பெற்ற தலம் என்றால் எழுதியவர்கள் ஏராளம், பிரச்சினை வராது. மற்ற கோயில்களுக்குத்தான் சான்று தேட வேண்டியிருக்கிறது.

பொதுவாக எல்லோரும் கொடுக்கும் சான்றுகள் மூன்று. மூன்றுமே நிற்பதில்லை. முதலாவது, அறநிலையத் துறைப் பட்டியல். அதில் இருப்பது பெயரும் முகவரியும் கொண்ட ஒரு வரிசை. கோயில் உண்டு என்பதற்கு அது போதும், கட்டுரைக்குப் போதாது. இரண்டாவது, கோயிலே அச்சடித்து விற்கும் தல வரலாற்றுப் புத்தகம். தன்னைப் பற்றித் தானே சொல்வது சுதந்திரமான சான்று ஆகாது. ‘தல புராணம் இவ்வாறு கூறுகிறது’ என்ற ஒரு வாக்கியத்துக்கு வேண்டுமானால் அதைக் காட்டலாம். காலத்தைக் கணிக்க உதவாது. மூன்றாவது, குடமுழுக்குச் செய்தி. அது ஒருநாள் செய்தி.

உங்களிடம் இருப்பதிலேயே கனமானது கல்வெட்டுதான். ஆனால் நீங்கள் நேரில் படித்ததை எழுதக் கூடாது, அது ‘சொந்த ஆய்வு’ என்று போய்விடும். அந்தக் கல்வெட்டு தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் அச்சாகியிருக்கிறதா, இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கையிலோ மாநிலத் தொல்லியல் துறையின் மாவட்டக் கல்வெட்டு நூல்களிலோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆண்டும் வரிசை எண்ணும் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு யாராவது ஆய்வாளர் அந்தக் கோயிலைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இத்தனை சான்று வேண்டும் என்று கணக்கு இல்லை. உருப்படியாக மூன்று கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

எழுதியது அழிந்துபோனதாக வருந்த வேண்டாம். நீக்கிய பக்கம் நிர்வாகிகளின் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தின் பெயரைத் தேடினால் நீக்கல் பதிவில் யார், என்றைக்கு, என்ன காரணத்தால் நீக்கினார் என்று இருக்கும். அவருடைய பேச்சுப் பக்கத்தில் போய், ‘சான்று சேர்க்க வேண்டும், என் மணல்தொட்டிக்கு நகர்த்தித் தர முடியுமா’ என்று கேளுங்கள் (மணல்தொட்டி என்பது எழுதிப் பழகுவதற்கான உங்கள் சொந்தப் பக்கம்). பெரும்பாலும் தருவார்கள். ‘எங்கள் ஊரை அவமதித்துவிட்டீர்கள்’ என்று ஆரம்பித்தால் கதை வேறு மாதிரி போகும்.

சான்று கிடைக்கவே இல்லையென்றால் ஊரின் கட்டுரைக்குள் ‘கோயில்கள்’ என்று ஒரு பகுதி வைத்து இரண்டு பத்தி எழுதுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கும் ஊருக்குக் கட்டுரை இருப்பதை யாரும் பொதுவாக எதிர்ப்பதில்லை. கோயில் பெயரை அந்தப் பகுதிக்கு வழிமாற்றிவிட்டால் தேடி வருகிறவர் அங்கே வந்து சேருவார். பூசை நேரம் மட்டும் எங்கேயும் வேண்டாம். அது கலைக்களஞ்சியத்துக்கு உரியதல்ல, அடுத்த மாதமே மாறியும் போகும்.

கேள்வி: பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது ஊரறிந்த செய்தி. நான் சேர்க்கச் சேர்க்க ஒருவர் எடுத்துக்கொண்டே இருக்கிறார். பத்திரிகைச் சுட்டி கொடுத்தும் கேட்கவில்லை.
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: காலை எட்டு மணிக்குக் கோயிலுக்குள் போனால் விமானத்தின் மேற்குப் பக்கம் நிழல் நீளமாகக் கிடக்கும். ஆனால் வேடிக்கை என்னவென்றால், ‘நான் போய்ப் பார்த்தேன், விழுகிறது’ என்பதும் விக்கிப்பீடியாவில் சான்று கிடையாது. இருந்தும் அவர் எடுப்பது சரிதான். சான்று காட்ட வேண்டிய பொறுப்பு சேர்ப்பவர் தலையில் இருக்கிறது, எடுப்பவர் தலையில் இல்லை.

உங்கள் பத்திரிகைச் சுட்டியை இப்படிச் சோதித்துப் பாருங்கள். கட்டுரையின் மேலே ‘வரலாற்றைக் காட்டவும்’ என்பதைச் சொடுக்கி, நிழல் பற்றிய வரி முதன்முதலில் எந்தத் தேதியில் வந்தது என்று தேடுங்கள். பத்திரிகைச் செய்தி அந்தத் தேதிக்குப் பிறகு வந்ததாக இருந்தால், நிருபர் விக்கிப்பீடியாவைப் பார்த்தே எழுதியிருக்கலாம். நாம் சொன்னதை அவர் சொல்லி, அவர் சொன்னதை நாம் சான்றாகக் காட்டினால், பாலுக்குப் பூனை காவல் என்ற கதைதான். அப்படி இல்லாவிட்டாலும், சுற்றுலாப் பக்கத்துத் துணுக்கு கட்டடக்கலைக்குப் பலவீனமான சான்று.

அந்தச் செய்திக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. ‘நிழல் தரையில் விழாது என்ற நம்பிக்கை மக்களிடையே உண்டு’ என்று எழுதி, அதை நம்பிக்கையாகவே எடுத்து ஆராய்ந்த ஒரு நூலைச் சான்றாக வையுங்கள். உச்சியிலிருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்பதும் இதே வகை. அது பல கற்களை இணைத்தது என்று கட்டடக்கலை ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டையும் சொல்லி, எது யார் கூற்று என்று பிரித்துக் காட்டினால் சண்டை ஓயும். இராசராசன் தன் 25-ம் ஆட்சியாண்டின் 275-ம் நாளில் விமானத்து உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்ததைக் கோயில் கல்வெட்டே சொல்கிறது, அச்சிலும் இருக்கிறது. அந்த வரியில் கை வைக்க யாரும் வருவதில்லை.

கேள்வி: தரங்கம்பாடி எந்த மாவட்டம்? நான் மயிலாடுதுறை என்று திருத்தினால் ஒருவர் நாகப்பட்டினம் என்று மாற்றுகிறார், இன்னொருவர் தஞ்சாவூர் என்கிறார். ஒரே நாளில் ஐந்து தடவை மாற்றியாயிற்று. கடைசியில் பக்கத்தைப் பூட்டிவிட்டார்கள், அதுவும் தப்பான பதிப்பில்!
(வாசகர், மயிலாடுதுறை)

பதில்: மூவர் கையிலும் அச்சான சான்று இருந்திருக்கும். 1991 அக்டோபர் 18 வரை அது தஞ்சாவூர் மாவட்டம். பிறகு நாகப்பட்டினம். 2020 டிசம்பர் 28 முதல் மயிலாடுதுறை. 1980-களின் நூலை வைத்திருப்பவரும் 2011 கணக்கெடுப்பை வைத்திருப்பவரும் பொய் சொல்லவில்லை, தேதி சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

முதல் வாக்கியத்தில் இன்றைய நிலை வரட்டும்: தரங்கம்பாடி, மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள பேரூராட்சி. வரலாற்றுப் பகுதியில் மூன்று மாவட்டங்களும் தேதியோடு ஒரே வரியில் வரட்டும். தகவல் பெட்டியில் மக்கள்தொகை 2011-ஆம் ஆண்டுக்குரியது என்று ஆண்டைக் குறிப்பிடுங்கள். அந்தக் கணக்கெடுப்பு நடந்தபோது ஊர் நாகை மாவட்டத்தில் இருந்தது என்று அடிக்குறிப்பில் போடுங்கள். கடைசியாக, கட்டுரையின் கீழே இருக்கும் பகுப்பை (கட்டுரை எந்த வகையில் சேரும் என்று காட்டும் இணைப்பை) மாற்ற மறக்காதீர்கள். பலர் பத்தியைத் திருத்திவிட்டுப் பகுப்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிறகு யாரோ அதைப் பார்த்து, பத்தியைப் பழையபடி ‘திருத்துகிறார்’.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. ‘நாகப்பட்டினம்’ என்று வரும் இடத்தையெல்லாம் கணினியில் ஒரே தட்டில் ‘மயிலாடுதுறை’ ஆக்குவது. சான்றாகக் காட்டிய நூலின் தலைப்பும் மாறிப்போகும், ‘நாகப்பட்டினம் துறைமுகம்’ மயிலாடுதுறைக்குக் குடிபெயரும். ஒவ்வோர் இடமாகப் பார்த்து மாற்றுங்கள்.

மீள்விப்பை, அதாவது பிறர் திருத்தத்தைப் பழையபடி மாற்றுவதைப் பொறுத்தவரை, ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை மாற்றினால் தடை விழும். மூன்று வரை போகலாம் என்ற உரிமை அல்ல அது. இரண்டாவது முறை மாற்றத் தோன்றும்போதே கையை எடுத்துவிட்டு ‘உரையாடல்’ பக்கத்துக்குப் போங்கள். தலைப்பு போட்டு, எந்த வாக்கியம், எந்தச் சான்று, என்ன மாற்று வாக்கியம் என்று மூன்றையும் எழுதி, முடிவில் நான்கு அலைக்குறி (~~~~) இடுங்கள். உங்கள் பெயரும் நேரமும் தானே விழும். அங்கே ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஆலமரத்தடியில் (எல்லோருக்குமான பொது உரையாடல் பக்கத்தில்) ஒரு வரி போட்டு மற்றவர்களை அழையுங்கள். பூட்டுகிற நிர்வாகி எது சரி என்று தீர்ப்புச் சொல்வதில்லை. அந்த நிமிடம் எந்தப் பதிப்பு இருந்ததோ அதன்மேல் பூட்டு விழுகிறது. எந்தப் பக்கம் பூட்டினாலும் ஒரு தரப்புக்கு அது ‘தப்பான பதிப்பு’தான், உலகம் முழுக்க விக்கிப்பீடியர்களிடையே இது பழைய நகைச்சுவை.

கேள்வி: ஒரு சோழ மன்னர் எங்கள் சமூகத்தவர் என்று சங்க மலரில் ஆதாரத்தோடு இருக்கிறது. சேர்க்க விடமாட்டேன் என்கிறார்கள்.
(வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: விடமாட்டார்கள். சமூகச் சங்கம் வெளியிடும் மலர் தன் கட்சியைத் தானே பேசுவது. எட்கர் தர்ஸ்டனின் 1909-ஆம் ஆண்டுத் தொகுதிகள் போன்ற ஆங்கிலேயர் கால இனவரைவியல் நூல்களையும் ஆங்கில விக்கிப்பீடியாவில் சாதி பற்றிய செய்திக்கு ஏற்பதில்லை. அங்கே இந்த வகைக் கட்டுரைகள் பலவற்றில் 500 தொகுப்புகளும் (திருத்தங்களும்) 30 நாட்களும் முடித்தவர் மட்டுமே கை வைக்க முடியும். வாழும் மனிதருக்கோ, அவரே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் ஒழியச் சாதியை எழுதக் கூடாது. ஐந்து சமூகங்கள் ஒரே மன்னரைக் கேட்டு வரிசையில் நிற்கும்போது, பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் எழுதாத எதுவும் நிற்காது.

கேள்வி: நாளிதழில் வந்த கட்டுரையை, பெயரும் தேதியும் போட்டு அப்படியே ஏற்றினேன். பெயர் போட்டும் திருட்டு என்கிறார்களே?
(வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: நன்றி சொல்வது வேறு, அனுமதி வாங்குவது வேறு. விக்கிப்பீடியாவில் ஏறும் எழுத்தை எவரும் எடுத்து மாற்றி விற்கவும் செய்யலாம். அந்த உரிமையை நாளிதழ் உங்களுக்குத் தரவில்லை. செய்தியை மூடிவைத்துவிட்டு உங்கள் நடையில் எழுதுங்கள். மாவட்டப் பதிப்பு இணையத்தில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை: இதழ் பெயர், தேதி, பதிப்பு, பக்க எண் போதும்.

கேள்வி: ‘ஹைட்ரஜன்’ என்று எழுதினால் ‘ஐதரசன்’ என்று மாற்றுகிறார்கள். மாயவரம் என்று எழுதினால் மயிலாடுதுறை. எது தமிழ்?
(ஆசிரியை, கும்பகோணம்)

பதில்: ஹைட்ரஜன், ஐதரசன் இரண்டும் பாடநூலில் உள்ளவைதான், முதலாவது தமிழ்நாட்டில், மற்றது இலங்கையில். கிரந்த எழுத்துச் சண்டை தமிழ் விக்கிப்பீடியாவின் தீராத சண்டை, ஒரு பதிலில் தீராது. நடைமுறை எளிது: தலைப்பு ஒன்றுதான் இருக்க முடியும், வழிமாற்று எத்தனையும் இருக்கலாம். விடுபட்ட பெயரில் புதுப்பக்கம் திறந்து, #வழிமாற்று என்று தட்டி, அடுத்து இரட்டைச் சதுர அடைப்புக்குள் உண்மையான தலைப்பை இட்டுச் சேமியுங்கள். மாயவரமும் குடந்தையும் இப்படித்தான் வாழ வேண்டும். ஒரே கட்டுரைக்குள் ஓரிடத்தில் ஒன்றும் இன்னோரிடத்தில் வேறொன்றும் கலக்காதீர்கள். பிறர் தொடங்கிய கட்டுரையில் எழுத்துக்கூட்டலை மட்டும் மாற்றப் போகாதீர்கள், அதில்தான் வீண் சண்டை மூளுகிறது.

கேள்வி: என் தாத்தா தவில் வித்வான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு வாசித்தவர். திருச்சி வானொலியிலும் வாசித்திருக்கிறார். கட்டுரை போட்ட மறுநாளே நீக்கல் வார்ப்புரு (நீக்க வேண்டும் என்ற அறிவிப்பு) ஒட்டிவிட்டார்கள். ஐயாயிரம் ரூபாய்க்குப் பக்கம் போட்டுத் தருகிறோம் என்று ஒருவர் வருகிறார், கொடுக்கலாமா?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: கொடுக்காதீர்கள். காசுக்கு எழுதுபவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி. இப்படி வருகிறவர்கள் அறிவிப்பதில்லை, கண்டுபிடித்தால் பக்கமும் போகும், பணமும் போகும்.

பெரியவருக்கு வாசித்ததால் பெரியவரின் குறிப்பிடத்தக்கமை இவருக்கு ஒட்டிக்கொள்ளாது. வானொலி அனுப்பிய ஒப்பந்தக் கடிதம் வீட்டில் இருக்கலாம், ஆனால் அது வெளியீடு அல்ல. சபா நிகழ்ச்சி நிரலில் பெயர் இருப்பது பட்டியல். கச்சேரி விமர்சனத்தில் அவர் வாசிப்பைப் பற்றி நான்கு வரி இருந்தால் அது சான்று. இசைவிழா மலர்கள், பழைய வார இதழ்களின் சங்கீத விமர்சனங்கள், நாகசுரம்–தவில் மரபு பற்றிய ஆய்வேடுகள் ஆகியவற்றில் தேடுங்கள். தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து தொடங்கலாம்.

பேரன் என்பதை உங்கள் பயனர் பக்கத்தில் எழுதிவிடுங்கள். பிறகு கட்டுரையில் நீங்களே கை வைக்காமல், கிடைத்த சான்றைப் பக்க எண்ணோடு உரையாடல் பக்கத்தில் போட்டு, வேறொருவரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ‘தவில் சக்கரவர்த்தி’, ‘ஈடு இணையற்ற’ போன்ற சொற்களை இன்றே எடுத்துவிடுங்கள். வார்ப்புரு ஒட்டியவர் முதலில் பார்த்தது அவற்றைத்தான்.