பதில்: மழுங்கிய வாளோடு அலையும் சாமுராய், அது எந்தப் படம்?

வணக்கம். நான்கு நிமிட ஊமைப் படம், வாள் வாங்கி ஏமாந்த சாமுராய், பெயர் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அது ‘நமகுரா கதானா’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படம், 1917. எடுத்தவர் கோவுச்சி ஜுன்இச்சி. அடிப்படையில் கேலிச்சித்திரக்காரர். அந்தச் சாமுராயின் முழியைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். வாளின் கூர்மையைச் சோதிக்கப் பார்வையற்ற ஒருவர் மீது பாய்ந்து, அவரிடமே உதை வாங்குவான் பாருங்கள், எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

பழைய பிரதிகள் பல 1923 நிலநடுக்கத்தில் அழிந்தன. இது ஒசாகாவில் பழம்பொருள் சந்தையில் கிடைத்து, 2008இல்தான் வெளியே தெரிந்தது.

கூடவே ‘உராஷிமா தாரோ’வையும் 1918 படம் என்று குறித்திருக்கிறீர்கள். ஆமை முதுகில் கடலடிக்குப் போகும் நாட்டுப்புறக் கதைதான். ஆனால் இணையத்தில் உலவும் அந்தப் பிரதி, இயக்குநர் கிதயாமாவின் 1918 படம் இல்லை என்று பின்னர் தெரியவந்தது. ஆண்டை அடித்துவிடுங்கள்.

சிப்பாய் நாய் வரும் படத்தையும் கேட்டிருந்தீர்கள்; அது ‘நோராகுரோ’. 1931இல் தொடங்கிய தகாவா சுய்ஹோவின் சித்திரக்கதை; முராதா யசுஜி படமாக்கினார்.

ஜப்பான் தேசியத் திரைப்படக் காப்பகத்தின் தளத்தில் பழைய அனிமேஷன் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். யூடியூபில் பின்னணி இசை ஒட்டிய பிரதிகளைத் தவிருங்கள், காது வலிக்கும்.