செத்து வந்த சிங்கி இறாலுக்கு முழு விலை கொடுக்க வேண்டுமா?

கேள்வி: பெருந்துறைக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். வைகாசி முதல் வாரத்தில் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் விருந்து வைத்தோம். மாப்பிள்ளை சிங்கி இறால் (லாப்ஸ்டர்) விரும்பிச் சாப்பிடுவார் என்பதால், என் மச்சானுக்குப் பழக்கமான கோவை மீன் வியாபாரியிடம் 12 கிலோ சொன்னேன். கிலோ 2,000 ரூபாய். ஒவ்வொன்றும் 300 கிராமுக்குக் குறையக் கூடாது, உயிரோடு வர வேண்டும் என்று பேச்சு. "வாசலுக்கு உயிரோட வந்து சேரும், நான் பொறுப்பு" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். 10,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டு, பாக்கி 14,000-க்கு செக் கொடுத்தேன்.

தூத்துக்குடியிலிருந்து ஆம்னி பஸ்ஸில் பெட்டி விடிகாலை 5 மணிக்கு வந்தது. 9 மணிக்குச் சமையல்காரர் வந்து பிரித்துப் பார்த்தால் மொத்தம் 52 உருப்படி. எடை சரியாக இருந்தது, ஆனால் பல சின்னது, பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன. ஒன்றின் வயிற்றில் முட்டை வேறு. வியாபாரிக்குப் ஃபோன் போட்டேன். "ஐஸ் போட்டு உடனே சமைச்சிருங்க, கணக்கை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். சமைத்தோம். சில துண்டு குழைந்து மசாலாவோடு கரைந்துவிட்டது, சில துண்டை மெல்லவே முடியவில்லை. வந்த ஒரம்பரை முன்னால் தலைகுனிவாகப் போய்விட்டது. கோபத்தில் செக்கை நிறுத்திவிட்டேன். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. சமையல்காரர்தான் கெடுத்தார் என்கிறார் வியாபாரி. செத்ததை வைத்து நான் என்ன செய்வேன் என்று கேட்கும் சமையல்காரர், பாக்கிக் கூலி 6,000 கேட்கிறார். தடைக்காலத்தில் பிடித்தது, பணமே தர வேண்டாம் என்கிறார் மச்சான். 200 கிராமுக்குக் கீழே விற்பதே குற்றம் என்கிறார் மாப்பிள்ளை. உயிரோடு இருந்தவற்றைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டதைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன் வீடியோ எடுத்து, மிருகவதை என்று புகார் கொடுக்கப்போவதாகச் சொல்கிறான். 5 லட்சம் நஷ்டஈடு கேட்டு கேஸ் போடலாமா?

பதில்: எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த நோட்டீஸ் உங்கள் கைக்கு எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். அன்றிலிருந்து 15 நாள்தான் உங்களுக்கு இருக்கிறது. அதற்குள் பணம் போய்ச் சேராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவில் குற்ற வழக்குத் தொடுக்கலாம். கணக்கில் பணம் இருந்தது, நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்பதெல்லாம் தானாக உங்களைக் காப்பாற்றாது. செக்கை நிறுத்தச் சொன்னாலும் 138 பாயும் என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லிவிட்டது. செக் கொடுத்தாலே கடன் இருந்தது என்றுதான் நீதிமன்றம் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் உங்களுடையது. அதுவும் அவருடைய பேங்க் கிளை இருக்கும் ஊர் நீதிமன்றத்தில். அவர் கணக்கு கோவையில் இருந்தால், நீங்கள் வாய்தா வாய்தாவாகக் கோவைக்குப் போய் நிற்க வேண்டும். தோற்றால் 2 ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க முடியும்.

ஆகவே என் ஆலோசனை இதுதான்: 14,000 ரூபாயைக் கட்டிவிடுங்கள். கட்டிவிட்டு வழக்குப் போடுங்கள். டிடியாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ அனுப்பி, கூடவே பதில் நோட்டீஸும் பதிவுத் தபாலில் போகட்டும். "பொருள் பேசியபடி வரவில்லை, இந்தத் தொகையை ஆட்சேபணையோடு செலுத்துகிறேன், திரும்பக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்ற வாசகம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். உங்களுக்கு இது கசக்கும் என்று தெரியும். தப்பு அவர் பக்கம், நான் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயம் உங்கள் பக்கம் பெரும்பாலும் இருப்பதால்தான் சொல்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவராகக் கூண்டில் நின்று அந்த நியாயத்தைப் பேசுவதைவிட, நுகர்வோர் ஆணையத்தில் புகார்தாரராக உட்கார்ந்து பேசுவது நல்லது.

சரி, நியாயம் எவ்வளவு தூரம் உங்கள் பக்கம் இருக்கிறது? பொருள் விற்பனைச் சட்டம் 1930-இன் 15-வது பிரிவுப்படி, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தியே ஆக வேண்டும். உங்கள் பேச்சில் இரண்டு விவரம் இருக்கிறது: உயிரோடு, 300 கிராமுக்குக் குறையாமல். இரண்டாவதை நிரூபிக்கத் தராசு கூட வேண்டாம். ஒவ்வொன்றும் 300 கிராம் என்றால் 12 கிலோவுக்கு 40-க்கு மேல் நிற்காது. வந்தது 52. சராசரி 230 கிராம்தான் வருகிறது. எடையும் எண்ணிக்கையும் தெரியும்படி படமோ, அவரோடு பேசிய செய்தியோ இருந்தால் இந்தக் கணக்கை அவரால் மறுக்க முடியாது. பேசியதோடு வேறு ரகம் கலந்து வந்தால், சரியானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையோ, மொத்தத்தையுமோ மறுக்க 37-வது பிரிவு இடம் தருகிறது.

ஆனால் நீங்கள் மறுக்கவில்லை, சமைத்துவிட்டீர்கள். சமைத்த பிறகு பொருளை ஏற்றுக்கொண்டதாகத்தான் 42-வது பிரிவு பார்க்கும். பலர் இந்த இடத்தில் எல்லாம் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். போகவில்லை. பொருளைத் திருப்பித் தரும் உரிமைதான் போகிறது. குறைக்கு ஏற்ப விலையைக் குறைக்கச் சொல்லவும், நஷ்டம் கேட்கவும் 59-வது பிரிவு வழி வைத்திருக்கிறது. "கணக்கை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அவர் சொன்னது இங்கே உங்களுக்குப் பெரிய பலம். குறை இருக்கிறது என்று அப்போதே தெரிந்து, விலை பேச இடம் வைத்துத்தான் சமைக்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் ஃபோன் பேச்சைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்கள் யார் யார் என்று இன்றே எழுதி வையுங்கள்.

வழியில் செத்தால் யார் பொறுப்பு என்பதுதான் வழக்கின் நடுப்புள்ளி. பொதுவாக, தூரத்து ஊருக்குக் கொண்டுவந்து தருவதாக விற்பவர் ஒப்புக்கொண்டாலும், பயணத்தில் இயல்பாக வரும் கெடுதல் வாங்கியவர் தலையில்தான் விழும். வேறு மாதிரி பேசிக்கொண்டால் மட்டும் மாறும். 40-வது பிரிவு அப்படி. உங்களிடம் அந்த வேறு பேச்சு எழுத்தாகவே இருக்கிறது: "வாசலுக்கு உயிரோட வந்து சேரும், நான் பொறுப்பு." இந்த ஒரு வரி உங்கள் வழக்கில் பாதி.

இன்னொன்றையும் கவனித்தேன். நீங்கள் அனுப்பிய படத்தில் தெர்மோகோல் பெட்டியின் அடியில் உடைத்த ஐஸ் கொட்டி, அது உருகி நாலு விரல் தண்ணீர் நிற்கிறது. சிங்கி இறாலை உயிரோடு அனுப்புகிறவர்கள் தண்ணீரே இல்லாமல், ஈரச் சாக்கிலோ குளிர்ந்த மரத்தூளிலோ படுக்க வைத்து, ஐஸைத் தனியாக பாட்டிலிலோ கவரிலோ கட்டித்தான் வைப்பார்கள். ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் வெளியிலேயே பல மணி நேரம் தாங்கும். ஐஸ் உருகிய நல்ல தண்ணீரில் கிடந்தால் அந்தக் கடல் உயிருக்கு ஆகாது. ஆக, கோளாறு பஸ்ஸில் இல்லை, பெட்டி கட்டியதில். நீங்கள் அனுப்பிய, சமையல்காரர் ஒன்றைத் தலையைப் பிடித்துத் தூக்கும் 12 வினாடி வீடியோவில் வால் துவண்டு நேராகத் தொங்குகிறது. உயிருள்ளதைத் தூக்கினால் வாலை உள்பக்கமாக அடித்து மடக்கும். இந்த வீடியோ எடுத்த ஃபோனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த நகல் போதாது. மூலக் கோப்போடு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழையும் இணைத்துத்தான் தாக்கல் செய்ய வேண்டும்.

உங்கள் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். 5 மணிக்கு வந்த பெட்டியை 9 மணி வரை நீங்கள் திறக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிக்கப்போவது இந்த நான்கு மணி நேரத்தைத்தான். பெட்டி நிழலில் இருந்ததா, காருக்குள்ளேயே கிடந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. காரில் வெயிலில் கிடந்திருந்தால் அதை மறைக்காதீர்கள், நஷ்டத்தில் ஒரு பங்கு உங்களுடையது என்று ஏற்றுக்கொண்டே கேளுங்கள்.

சமையல்காரர் விஷயத்துக்கு வருகிறேன். செத்து நேரமான சிங்கியின் சதை அதன் உள்ளே இருக்கும் நொதிகளாலேயே குழைந்து போகும். அதிக நேரம் வேகவைத்த சதை இறுகி மெல்ல முடியாமல் போகும். உங்கள் இலையில் இரண்டும் விழுந்திருக்கிறது. குழைந்தவை வியாபாரியின் கணக்கு, இறுகியவை சமையல்காரரின் கணக்கு. இந்த அளவு சிங்கி பத்து நிமிடத்துக்குள் வெந்துவிடும். நாட்டுக்கோழிக்கு விடுவதுபோல் அண்டாவில் முக்கால் மணி நேரம் விட்டால் தாங்காது. சட்டப்படி அவர் மீதும் சேவைக் குறைபாடு என்று போகலாம். போகாதீர்கள். பெட்டியைத் திறந்தவர் அவர், எத்தனை செத்திருந்தன என்று முதலில் பார்த்தவர் அவர். உங்கள் முதல் சாட்சியே அவர்தான். மட்டனும் கோழியும் நன்றாகத்தானே இருந்தன? 6,000-த்தில் ஆயிரமோ இரண்டாயிரமோ குறைத்துப் பேசி, மீதியைக் கையில் கொடுத்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பணம் கொடுத்துச் சாட்சி வாங்கியதாகப் பேச்சு வராமல் இருக்க, கூலிக்குத் தனியாக ரசீது வாங்குங்கள்.

மச்சானின் வாதம் நிற்காது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை உண்டு, உங்கள் விருந்தும் அதற்குள்தான் வருகிறது. ஆனால் அந்தத் தடை விசைப்படகுகளுக்கு. சிங்கி இறால் பெரும்பாலும் நாட்டுப்படகில் போய் சிங்கி வலை போட்டுப் பிடிப்பது. போதாததற்கு, குளச்சல், முட்டம் பக்கம் மேற்குக் கரைத் தடை ஜூன் 1-இல்தான் தொடங்கும். எந்தப் படகு, எந்தக் கரை என்று காட்டாமல் தடைக்கால மீன் என்று எழுதினால் உங்கள் மற்ற வாதங்களின் மரியாதையும் கெடும். மாப்பிள்ளை சொல்லும் 200 கிராம், தென்கரையில் அதிகம் கிடைக்கும் ரகத்துக்கு 2003-இல் மத்திய அரசு போட்ட அளவு. அது ஏற்றுமதிக்கானது, உள்ளூர் விற்பனையை அந்த உத்தரவு தொடாது. ஆனாலும் அந்த அளவு வைத்த காரணம் பெரியது. ஒருமுறையாவது முட்டையிடுவதற்கு முன்னால் பிடித்துவிட்டால் கடலில் மிஞ்ச ஒன்றும் இருக்காது. வயிற்றில் முட்டையோடு வந்த அந்த ஒன்றைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தது மனதை உறுத்தியது. இனி வாங்கும்போது முட்டைச் சிங்கி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வழக்கை எங்கே போடுவது? விருந்துக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர். ஓட்டலுக்கு வாங்கியிருந்தால் இந்தக் கதவு திறந்திருக்குமா என்பதே சந்தேகம். 2019-ஆம் ஆண்டு சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பதால், ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கோவைக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் நடத்தலாம், 2 ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து பாருங்கள். சில வியாபாரிகள் அந்தக் கட்டத்திலேயே பேச வருவார்கள்.

5 லட்சம் கேட்காதீர்கள். மாப்பிள்ளை முன்னால், சம்பந்தி வீட்டார் முன்னால் தலைகுனிந்த வேதனை எனக்குப் புரிகிறது, நம் பக்கம் விருந்தில் குறை வந்தால் பத்து வருஷம் பேசுவார்கள். ஆனால் 24,000 ரூபாய்ப் பொருளுக்கு 5 லட்சம் என்று எழுதிய மனு, படிப்பவர் மனதில் முதல் பக்கத்திலேயே நம்பிக்கையை இழக்கும். செத்தவற்றின் விலை, அளவு குறைந்தவற்றுக்கு விலை வித்தியாசம், மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. அவ்வளவு கேளுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் எழுதலாம்தான், ஆனால் சோதிக்க மாதிரி எதுவும் மிச்சம் இல்லாததால் பெரிதாக நகராது.

பக்கத்துத் தோட்டத்துப் பையனின் வீடியோ. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, மனிதனைத் தவிர்த்த எல்லா உயிரையும் விலங்கு என்றே சொல்கிறது, சிங்கி இறாலும் அதில் அடங்கும். உணவுக்காகக் கொல்வதற்கு 11-வது பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் தேவையில்லாத வேதனை கொடுத்தால் அந்த விலக்கு இல்லை. கொதிக்கும் தண்ணீரில் உயிரோடு போடுவது தேவையில்லாத வேதனையா என்று வாதிட அவனுக்கு இடம் இருக்கிறது. சுவிட்சர்லாந்து 2018-இல் அப்படிச் சமைப்பதையே தடை செய்துவிட்டது. இங்கே முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். தொகை சிறியது என்று பையனை விரட்டாதீர்கள், அவன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஐஸில் அரை மணி நேரம் புதைத்து, அசைவு நின்ற பிறகு நடுவில் நீளவாக்கில் ஒரே வெட்டாகப் பிளந்துவிட்டுச் சமைக்கலாம்.

நீங்கள் யோசிக்காத ஒன்று உண்டு: அந்த வீடியோவில் துடிப்பவை எத்தனை என்பதுதான் வியாபாரிக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த சாட்சியம். 52-உம் செத்து வந்தது என்று உங்கள் பதில் நோட்டீஸில் எழுதிவிட்டால், அதை வைத்தே உங்களைப் பொய்யராக்கிவிடுவார்கள். பையன் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசுங்கள், முழு வீடியோவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உயிரோடு இருந்தவற்றை எண்ணி, அவற்றின் விலையை உங்கள் கோரிக்கையிலிருந்து கழித்த பிறகு பதிலை எழுதுங்கள்.