கையில் காசில்லாத வீட்டில் சத்துணவு பற்றிச் சொல்லிக் கொடுத்து என்ன பயன்?

நியாயமான கேள்வி. சில வருடங்கள் தாய்மார்களுக்கு இந்த வகுப்புகளை எடுத்தவள் நான். பயன் உண்டு, ஆனால் பாடமாக நடத்தினால் இல்லை.

முதலில் நானும் பாடம்தான் நடத்தினேன். படம் போட்ட அட்டையைக் காட்டி மாவுச்சத்து, புரதம், வைட்டமின் என்று அடுக்குவேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். அடுத்த மாதம் எடை பார்த்தால் குழந்தைகள் அப்படியேதான் இருப்பார்கள்.

ஒருநாள் ஒரு அம்மா தன் ஒன்பது மாதக் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கரண்டியைச் சாய்க்கச் சொன்னேன். மொத்தமும் வழிந்து ஓடிவிட்டது. அந்த வயதில் ஒரு வேளைக்கு வயிறு கொள்வதே 200 மில்லி சொச்சம்தான். அதைத் தண்ணீரே அடைத்துக்கொண்டால் பசி அடங்கும், உடம்பு தேறாது. "கெட்டியா கொடுத்தா தொண்டையில சிக்கும்னு வீட்டுல பெரியவங்க சொல்றாங்க" என்றார். பயம் அங்கே இருக்கிறது, நான் வைட்டமின் பேசிக்கொண்டிருக்கிறேன்! அப்புறம் பெரியவர்களையும் கூப்பிட்டு, அங்கேயே அடுப்பு மூட்டி, கரண்டியில் நிற்கும் பதத்துக்குக் காய்ச்சி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அவர்கள் கையாலேயே ஊட்ட வைத்தோம். குழந்தை விழுங்கியதைப் பார்த்த பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை.

1990களின் தொடக்கத்தில் வியட்நாமில், குழந்தைகளுக்கு உதவும் 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்பில் வேலை பார்த்த ஜெர்ரி ஸ்டெர்னின் செய்ததும் இந்த வழிதான். பரம ஏழை வீடுகளிலும் சில குழந்தைகள் நன்றாக இருந்தார்கள். ஏன் என்று பார்த்தால், அந்த அம்மாக்கள் வயலில் கிடைத்த பொடி இறால், நண்டு, சர்க்கரைவள்ளிக் கீரையைச் சோற்றில் சேர்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை ஊட்டினார்கள். மற்ற அம்மாக்களும் அதையே கொண்டுவந்து ஒன்றாகச் சமைத்துப் பழகினார்கள். அதெல்லாம் அந்த ஊரிலேயே கிடைத்தவைதான்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது என்பதெல்லாம் இதே மாதிரி காசு கேட்காத விஷயங்கள்.

சரி, பானையே காலியாக இருந்தால்? அங்கே முதலில் உணவுதான் போக வேண்டும், வகுப்பு அல்ல. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையை நாடாவால் அளந்து பாருங்கள். சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கஞ்சிப் பதமெல்லாம் பேசிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.